வலிக்கிற காலில் கட்டு

பேனா வச்சிருக்கிய, நல்லதாப் போச்சு. அந்த ஜன்னல் சீட்டுலயே இருங்க அண்ணாச்சி, நான் இந்த ஓரத்துல இருந்துக்கிடுதேன், எனக்குக் காலை நீட்டணும். கோவில்பட்டிக்கா போறிய? அதுக்குள்ள முடிஞ்சிரும். மொத்தம் பதினாலு பேரு. நான் சொல்லச் சொல்ல இந்த ஃபாரத்துல எழுதினா போதும். என் வலது கையைப் பாருங்க, நாலு விரலும் மாவுக்கட்டுக்குள்ள கெடக்கு. கட்டை விரலை மட்டும் வச்சிக்கிட்டு என்னத்த எழுத. மதுரையில எங்க மேனேஜர் ரெண்டு மணிக்கு ஃபாரம் கையில வேணுமுன்னுட்டான்.

இல்ல, பஸ்ஸுல விழல. மாடியிலயும் விழல. சொல்லுதேன், நீங்க எழுதிக்கிட்டே கேளுங்க.

என் பேரு துரைப்பழம். கபடி பாக்குத ஆளுவகிட்ட கேட்டா சொல்லுவாவ. ஒரு காலத்துல ரைட் கார்னர். கார்னர்னா ஓரத்துல நிக்கிறவன், கபடி கபடின்னு பாடி வாரவன் காலைப் பிடிச்சு இழுத்து அமுக்குறது அவன் வேலை. துரைப்பழம் நிக்குதான்னா பாடி வாரவன் அந்தப் பக்கமே திரும்ப மாட்டான். உடன்குடியில ஒருத்தனுக்குத் தோள்பட்டை எலும்பு போச்சு, ஆறுமுகநேரியில ஒருத்தனுக்குக் கணுக்கால். டெம்போவுல தூக்கிப் போட்டுக் கொண்டு போனாவ. நான் சோடா குடிச்சிக்கிட்டே பாத்துக்கிட்டு நின்னேன். ஆட்டம்னா அப்படித்தான் அண்ணாச்சி, மூஞ்சியைச் சுளிக்காதிய.

இப்போ எனக்கு ஆள் பாக்குத வேலை. லீக்குக்கு ஏலம் நடக்குல்லா, அதுக்கு முன்னாடி தெக்கத்திக் காலேஜ் பயலுவள ஊர் ஊராப் போய்ப் பாத்து, எவன் தேறுவான் எவன் தேற மாட்டான்னு எழுதிக் குடுக்கணும். நான் எழுதுத லிஸ்ட்டுதான் பன்னெண்டு டீமுக்கும் போவும். பேருக்கு நேரா ரெண்டு வார்த்தை எழுதுவேன். அந்த ரெண்டு வார்த்தையில ஒருத்தன் பொழைப்பும் இருக்கு, ஒருத்தன் நாசமும் இருக்கு. எழுதுங்க, முதல் பேரு, பால்துரை. ரைடர். பாடிப் போறவனைத்தான் ரைடர்ம்பாவ. மூச்சு அதிகம், மூளை கம்மி.

ஆமா, அப்படியே எழுதுங்க. அவனுவளுக்கு அதான் வேணும்.

எங்க ஆட்டத்துல ஒரு சமாச்சாரம் உண்டு, அதைச் சொன்னாத்தான் மத்தது வெளங்கும். பாடிப் போறவனுக்கு ஒரு முட்டி கெட்டுப்போச்சுன்னு வச்சிக்கிடுங்க. கட்டு எதுல போடுவான்? நல்ல கால்லதான் போடுவான். கெட்ட கால்ல போட்டா எதிராளி அதைப் பாத்துக்கிடுவான்லா, நேரா வந்து அதுல ஏறிருவான். நல்ல கால்ல போட்டா கட்டைப் பாத்து நல்ல காலையே பிடிப்பானுவ, இவன் உதறிட்டுப் போயிருவான். நானே ஏழு வருசம் நல்ல கால்ல கட்டு போட்டு ஆடினேன். என் வீட்டுக்காரிக்கே எந்தக் கால் வலின்னு தெரியாது. தைலம் தேய்க்கச் சொன்னாக்கூட ரெண்டு காலையும் நீட்டுவேன்.

அதனால ஒரு பய கட்டோட எறங்குனா நான் கட்டைப் பாக்க மாட்டேன், மத்த காலைப் பாப்பேன். போன வருசம் ஒருத்தன்கிட்ட அதைச் செய்யாம விட்டுட்டேன். எடது கால்ல கட்டு, லேசான சுளுக்குன்னு சொன்னான், நம்பி எழுதிக் குடுத்தேன். ஏலத்துல எடுத்தாவ. முதல் ஆட்டத்துலயே அவன் வலது முட்டி போயி உக்காந்துட்டான். மேனேஜர் அத்தனை பேரு முன்னாடியும், துரைப்பழம், உமக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா, இன்னொரு தடவை இப்படின்னா வீட்டுல கெடயும்னு சொல்லிட்டான். என் மகன் வயசுப் பய. எனக்கு இருக்குறது இந்தக் கண்ணு ஒண்ணுதான். அது போனா நான் என்ன ஆளு அண்ணாச்சி?

எழுதுங்க, எழுதுங்க. அஞ்சு, ஆறு, ஏழு எல்லாம் இந்த நோட்டுல இருக்கு, அப்படியே பாத்து எழுதிருங்க. எட்டாவது ஜெபஸ்டின், லெஃப்ட் கவர், அதாவது கார்னருக்கு அடுத்தாப்புல நிக்கிறவன், நல்ல தோள், கோவக்காரன். கோவக்காரன்னு தடிச்ச எழுத்துல போடுங்க. டீமுக்கு அது பிடிக்கும்.

இந்த வருசம் தெசையன்விளைப் பக்கம் ஒரு காலேஜ் மைதானத்துல போட்டி. அங்கனதான் கொம்பையாவைப் பாத்தேன். ரைடர். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். ஒல்லிப் பய, ஆனா உள்ள போனான்னா மூணு பேரைத் தொட்டுட்டுத்தான் வருவான். ஒருத்தன் மூக்குல ரத்தம், ஒருத்தன் ஒதடு கிழிஞ்சு நிக்குதான், இவன் திரும்பிக் கோட்டுக்கு வந்து வேட்டியைத் தட்டுத மாதிரி டவுசரைத் தட்டிக்கிட்டு நிப்பான். நான் முப்பது வருசமா ஆட்டம் பாக்குதேன், இப்படி ஒருத்தனைப் பாத்ததில்ல. எடது முட்டியில கட்டு போட்டிருந்தான்.

நான் என்ன நெனைப்பேன்? கெட்டது வலதுன்னுதான நெனைப்பேன். கட்டு எடதுல இருக்கு, அப்போ வலதுல என்னமோ இருக்கு. ஆனா அந்த வலது கால் நல்லா ஓடுது. எழுதிக் குடுத்து நாளைக்கு வலது போச்சுன்னா என் பொழைப்பும் போச்சு.

அதுக்கு எங்கிட்ட ஒரு வழி உண்டு. எதிர் டீம்ல கார்னர்ல ஒரு பய, சேர்மதுரைன்னு பேரு. நல்ல பிடி, ஆனா அவனை எவனும் கண்டுக்கிடல. எடைவேளையில தண்ணித் தொட்டிப் பக்கம் கூப்பிட்டேன். லேய், கொம்பையா வலது காலைப் பிடி, பிடிச்சா விடாத, தூக்கித் திருகு, அது நிக்குதா போவுதான்னு எனக்குத் தெரியணும், உன் பேரும் என் நோட்டுல ஏறும்னு சொன்னேன். அந்தப் பய என்னைப் பாத்து, "அண்ணே, கட்டு எடதுலல்லா இருக்கு?"ன்னு கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. உனக்கு இன்னும் ஆட்டம் புரியல, போ, சொன்னதைச் செய்யின்னு முதுகுல ஒரு தட்டு தட்டி அனுப்புனேன்.

பத்து நிமிசம் போயிருக்கும். கொம்பையா பாடி வந்தான். சேர்மதுரை பாஞ்சு வலது கணுக்காலைப் பிடிச்சான். நல்ல பிடி, ரெண்டு கையும் பூட்டின மாதிரி. தூக்கினான், திருகினான். வலது கால் கல்லு மாதிரி நின்னுச்சு அண்ணாச்சி, அசையல. ஆனா ஒரு காலைத் தூக்கிட்டா ஒடம்பு மொத்தமும் எங்க எறங்கும்? மத்த கால்ல. இவன் எடது கால்ல நொண்டிக்கிட்டே கோட்டைப் பாத்து இழுக்கான், அந்த நேரம் கவர்ல நின்னவன் ஓடி வந்து இடுப்புல மோதினான், இன்னும் ரெண்டு பேரு மேல விழுந்தானுவ. எடது முட்டி உள்பக்கமா மடங்குச்சு. காஞ்ச தேங்காய் மட்டையை மிதிச்சா வரும்லா, அப்படி ஒரு சத்தம். மைதானமே கேட்டுச்சு. பொம்பளைப் பிள்ளைய எல்லாம் மூஞ்சியை மூடிக்கிட்டுதுவ.

அதுக்குப் பொறவுதான் பாக்கணும். நாலு பேரு மேல கெடக்கானுவ, கால் எங்கயோ திரும்பிக் கெடக்கு, இவன் கையை நீட்டி நீட்டி, நகம் பேந்து ரத்தம் வர வர ஊர்ந்து போயி, ரெண்டு விரலை நடுக்கோட்டுல வச்சான். நாலு பேரும் அவுட்டு. விசில் ஊதுன பெறவுதான் கத்துனான். நான் பத்துக்குப் பத்து யாருக்கும் போட்டதில்ல. அன்னைக்குப் போட்டேன், மனசுக்குள்ள.

பக்கத்துல போயிப் பாத்தேன். கட்டை அவுத்தாவ. உள்ள எடது முட்டி ஏற்கெனவே நீலம் பாரிச்சு வீங்கி இருக்கு, பழைய வீக்கம். "லேய், வலிக்கிற கால்லயா கட்டு போட்ட?"ன்னு கேட்டேன். அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டே என்னைப் பாத்து, "வேற எதுல சார் போடுவாவ?"ன்னான்.

எப்படி இருக்கு பாருங்க. முப்பது வருசத்துல ஒரு பய, ஒரே ஒரு பய, வலிக்கிற கால்ல கட்டு போட்டுக்கிட்டு வந்து எறங்கி இருக்கான். எவனாவது செய்வானா? அது யாரைக் கவுக்குத வேலை? எனக்கு வந்த கோவத்துக்கு நோட்டை எடுத்து அந்த எடத்துலயே, அவனை ஸ்ட்ரெச்சர்ல தூக்குதுக்கு முன்னாடியே, "காயத்தை மறைத்தவன்"னு எழுதினேன். அவன் காலேஜ் பி.டி. மாஸ்டர் தோள் வழியா எட்டிப் பாத்துட்டாரு. சார், வியாழக்கிழமை முட்டி வீங்கிச்சுன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் எறங்குனான், நான்தான் ஒரு ஆட்டம் ஆடிருன்னு சொன்னேன்னு கெஞ்சினாரு. உம்மகிட்ட சொன்னான், எங்கிட்ட சொன்னானான்னு கேட்டேன்.

பதிமூணு வந்துட்டமா? அது சேர்மதுரை. அந்தச் சவத்துப்பய பேரையும் எழுதுங்க, நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். அவன் மறுநாளே ஃபோன் போட்டு, அண்ணே என் பேரை எடுத்துருங்க, எனக்கு ராத்திரி சோறு எறங்கலன்னு அழுதான். கார்னர்ல நிக்கிறவன் அழலாமா? பிடி நன்று, மனசு பலவீனம். எழுதிட்டியளா?

இதுக்குப் பொறவுதான் அவ வந்தா. கொம்பையா அக்கா, சந்தனமாரி. அப்பா அம்மா இல்லாத வீடு, அவதான் மில்லுல வேலை பாத்து அவனை வளத்திருக்கா. அவளும் பொம்பளைய டீம்ல கார்னர் ஆடினவ, அது எனக்கு அப்போ தெரியாது. முதல் தடவை ஒரு சீப்பு பழம் வாங்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தா. ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணி ஒரு வருசம் இருந்தா ஆடலாமுன்னு டாக்டர் சொல்லுதாராம். "காயமுன்னு எழுதுங்க அண்ணாச்சி, அது நெசம். மறைச்சான்னு மட்டும் எழுதாதிய"ன்னா.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசமுன்னு கேக்குதியளா? காயமுன்னு எழுதினா அடுத்த வருசம் கூப்பிட்டுப் பாப்பாவ. மறைச்சவன்னு எழுதினா ஒருத்தனும் ஜென்மத்துக்கும் கூப்பிட மாட்டான். பன்னெண்டு டீம் மட்டுமில்ல, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்குப் போனாலும் நம்ம லிஸ்ட்டை எடுத்துப் பாப்பான். அவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான். எனக்கும் அந்த ஒரு வார்த்தைதான் அண்ணாச்சி. அதை எடுத்தா, அவன் மறைக்கலன்னா நீரு ஏன்வே திருகச் சொன்னீருன்னு மேனேஜர் கேப்பான். முடியாதுன்னுட்டேன். ரெண்டாவது தடவை ஸ்கேன் படத்தைக் கொண்டாந்தா. வெளிச்சத்துல தூக்கிக் காட்டினா. நான் கதவைச் சாத்திட்டேன். பழம் நல்லா இருந்துச்சு.

மூணாவது தடவை வெறுங்கையோட வந்தா. காலையில ஏழு மணி இருக்கும், எங்க தெரு முக்கு டீக்கடையில நிக்கேன். பத்துப் பதினைஞ்சு பேரு நிக்கானுவ. நேரா வந்து, "சேர்மதுரை எல்லாத்தையும் சொல்லிட்டான். மறைச்சது நீங்கல்லா"ன்னா.

எல்லாருக்கும் கேக்கும்படியாச் சொன்னா. டீக்கடைக்காரன் ஆத்துறதை நிறுத்திட்டான். எனக்கு ஒரு பொம்பளை கையை நீட்டிப் பேசிப் பழக்கமில்ல. ஒரு அறை விட்டேன். லேசாத்தான். ஒதட்டுல பல்லு பட்டு ரத்தம் வந்துட்டு, அது என் தப்பா? அவ அழல. பொறங்கையால தொடச்சுக்கிட்டா, துப்பட்டாவை எடுத்து இடுப்புல சுத்திக் கட்டினா. லேசாக் குனிஞ்சு கையை விரிச்சு நின்னா. அந்த நிப்பைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் போடி மூதின்னு ஒரு மிதி விடுதுக்குக் காலைத் தூக்கினேன்.

தூக்கின கால் தரைக்கு வரல. வலது கணுக்கால், ரெண்டு கையும் பூட்டு, தோளை முட்டிக்கு அடியில குடுத்து ஒரு திருகு. அந்தத் தேங்காய் மட்டைச் சத்தம் இருக்குல்லா, அது என் ஒடம்புக்குள்ளேருந்து வந்துச்சு. தாடை கடைப் படிக்கல்லுல மோதி ரெண்டு பல்லு போச்சு, பாருங்க, இங்கன. வாயெல்லாம் ரத்தமும் டீயும். எந்திரிக்க வலது கையை ஊனினேன். "இந்தக் கைதானய்யா எழுதுச்சு"ன்னா. குதிங்காலால மிதிச்சா. எலும்பு ஒண்ணொண்ணா நொறுங்குதது எனக்குக் கேக்குது. நான் கத்துதேன், அவ நிறுத்தல. பதினைஞ்சு ஆம்பளைய நின்னானுவ, ஒரு பய தடுக்க வரல. டீக்கடைக்காரன் கிளாஸைக் கழுவ ஆரம்பிச்சிட்டான்.

ஆனா ஒண்ணு சொல்லணும். பிடின்னா அது பிடி. கீழ கெடந்து ரத்தம் துப்பிக்கிட்டே மார்க்கு போட்டேன், ஒம்பதரை. பிடிச்ச பெறவு தலையைத் தூக்கினா, அதுக்கு அரை கொறைச்சேன்.

ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்கன்னாவ. என்னன்னு எழுத? ரைட் கார்னர் துரைப்பழத்தை ஒரு பொம்பளை காலைப் பிடிச்சுப் போட்டுட்டான்னா? விழுந்துட்டேன்னு சொல்லிட்டேன். அநியாயமா இல்லையா அண்ணாச்சி? கோட்டுக்குள்ள செஞ்சா ஆட்டம், டீக்கடையில செஞ்சா அது ரவுடித்தனம்லா. நான் யாரையாவது கோட்டுக்கு வெளிய தொட்டிருப்பேனா? அந்த ஒரு அறையைச் சொல்லாதிய.

சரி, கடைசிப் பேரு. பதினாலு. கொம்பையா, ரைடர். எழுதியாச்சா? பேருக்கு நேரா, காயத்தை மறைத்தவன்.

ஏன் நிறுத்திட்டிய?

நீங்களும் அதையே கேக்குதிய. ஆஸ்பத்திரியில நர்ஸும் அதையேதான் கேட்டா, கட்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருந்துச்சே, பெறவு எதை மறைச்சான்னு. ஆட்டம் தெரியாதவங்ககிட்ட எப்படிச் சொல்ல. வலிக்கிற கால்ல கட்டு போட்டா அதை நல்ல கால்னுதான நாங்க எடுத்துக்கிடுவோம்? அப்போ கெட்டது எங்க கண்ணுக்குத் தெரியாமப் போவுதுல்லா? அது மறைச்சதுதான். நல்லா யோசிச்சுப் பாருங்க. நானும் படுத்துக்கெடந்த பதினொரு நாளும் யோசிச்சுப் பாத்துட்டேன்.

உள்ளதைச் சொல்லுதேன், அந்தப் பய நடுக்கோட்டுல வச்ச ரெண்டு விரலு கண்ணை மூடுனா வருது. பயமா இருக்கு. அதுக்காக? ஒரு வார்த்தையை மாத்திட்டா அந்த முட்டி சரியாயிருமா? என் கண்ணு தப்புன்னு என் கையாலயே எழுதச் சொல்லுதியளா? கையும் இல்ல. எழுதுங்க அண்ணாச்சி. பேனாவை மூடாதிய. கோவில்பட்டி இன்னும் வரல, அது பைபாஸ். அட, ஒரே ஒரு வார்த்தை, உங்களுக்கு என்ன போச்சு, உங்க வீட்டுப் பயலா?

சரி போங்க. உங்க பேனா இல்லாட்டி மதுரை வரைக்கும் ஆளா இல்ல. ஃபாரத்தை மடியில வச்சிட்டுப் போங்க. ஆமா, கட்டு போட்ட காலு, தாண்டி வாங்க, நீங்க நல்ல மனுசன், எவ்வளவு பதனமா அந்தக் காலைத் தாண்டுதிய. அப்படித்தான், கம்பியைப் பிடிச்சிக்கிட்டு, மெதுவா, இந்தப் பக்கம் காலை வச்சி,

ஐயோ. ஐயோ, எடுங்க காலை, எடும்வே, அம்மா.

அது இல்ல, இது. இந்தக் கால். இதுதான் போன கால். டாக்டர் இதுலதான் போட்டாரு, நான்தான் காலையில அவுத்து நல்ல கால்ல சுத்திக்கிட்டேன். பஸ்ஸுல நூறு பேரு ஏறுவான், கட்டைப் பாத்தா அதுலதான் மிதிப்பான்னு. எல்லாரும் என்னைப் பாக்காதிய, ஒண்ணுமில்ல, உயிரோடதான் இருக்கேன். அண்ணாச்சி, நீங்க போங்க, உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. கட்டு இருக்குற கால்லதான் வலி இருக்குமுன்னு நெனைச்சிட்டிய.

யாரு சார், உள்ள போகணுமா? இருங்க, ஒரு நிமிசம். காலை வைக்குதுக்கு முன்னாடி சொல்லிருதேன். கட்டு போட்டது நல்ல காலு. இந்த வெறுங்காலுதான் சார் வலி, இதைப் பாத்து வாங்க. ஏன்னு கேக்காதிய. உக்காந்துட்டியளா? பேனா இருக்கா? எல்லாம் எழுதியாச்சு சார், கடைசிப் பேருக்கு நேரா ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி.